உதிர்ந்த மாம்பழமும் வார்ப்பிரும்புச் சட்டியும்

மாம்பழக் காலத்தில் காற்றுக்கு உதிரும் பழங்களை மரத்தடியிலேயே விட்டுவிடுவது பல கிராமங்களில் காணப்படும் வழக்கம். இதனால் நேரும் நஷ்டம் இருவகைப்பட்டது. அடிபட்ட பழத்தை வியாபாரி நல்ல கிரயம் கொடுத்து வாங்குவதில்லையாதலால் அது வீணாகின்றது. மற்றொரு நஷ்டம் இதனினும் பெரிது. பழ ஈயானது முதிர்ந்த காயின் தோலுக்கடியில் முட்டையிடுகிறது. முட்டையினின்று வரும் புழு சதையைத் தின்று வளர்ந்து, பழம் உதிர்ந்தபின் மண்ணுள் புகுந்து கூடு கட்டி, மீண்டும் ஈயாக வெளிப்பட்டு, மரத்தில் எஞ்சியுள்ள பழங்களையும் கெடுக்கிறது. ஆகையால் உதிர்ந்தவற்றை நாள்தோறும் பொறுக்குதல் தோட்டத்தைக் காக்கும் முறைகளுள் முக்கியமானது.

பொறுக்கியவற்றுள் புழுத்தனவும் அழுகினவும் ஆழக் குழிதோண்டிப் புதைக்கத்தக்கவை. அடிபட்டதன்றி வேறு பழுதில்லாதவை அன்றே அடுப்படிக்குப் போகத்தக்கவை. இவற்றை உபயோகிக்க எளிய வழியொன்று உண்டு. பழத்தைச் சட்டியிலிட்டு, அதன்மேல் மாவைப் பரப்பிச் சுடும் இப்பண்டத்தை அமெரிக்கர் காப்ளர் என்பர். 19ஆம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிக் குடியேறிய அந்நாட்டார் மூடியுள்ள வார்ப்பிரும்புப் பாத்திரத்தின் கீழும் மேலும் தணலிட்டு ரொட்டி முதலியவற்றைச் சுட்டு வந்தனர். இம்முறை இந்நாட்டிற்கும் புதிதன்று. வடமலபாரில் கலத்தப்பம் சுடுவதும் மூடியின்மேல் தணலிட்டே.

பள்ளத்தூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களில் இதற்கென்று புதிய பாத்திரம் தேட வேண்டுவதில்லை. பணியாரமும் தோசையும் வார்த்த பழைய இரும்புக் கலங்கள் பல வீடுகளில் துருவேறிக் கிடக்கின்றன. சில பழம்பொருட் கடைக்கும் போய்விடுகின்றன. வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறினும், ஏறிய சூட்டை நெடுநேரம் விடாது. மாவு அடியில் தீயாமல் உள்ளும் வேகுவதற்கு இக்குணமே காரணம்.

துருவை மணலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்துக் கழுவி, ஈரமறக் காய்ச்சி, கடலெண்ணெயை மிக மெல்லிதாகப் பூசி, புகை எழும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். இவ்விதம் மூன்று நான்கு முறை செய்தால் எண்ணெய் கருமையான மெருகாக இறுகிப் பற்றிக்கொள்ளும். காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைப் பற்றி ஆராய்ந்து வருகிறது; வீட்டுச் சட்டியின் துருவைத் தடுக்கவோ ஒரு கரண்டி எண்ணெயே போதுமானது.

செய்முறை வருமாறு: 25 சென்டிமீட்டர் அகலமும் சற்று ஆழமும் உள்ள சட்டியில் நெய் தடவி, நன்கு பழுத்த மாம்பழத் துண்டுகள் 750 கிராம், வெல்லத்தூள் 75 கிராம், அரிசிமாவு ஒரு மேசைக்கரண்டி, ஏலப்பொடி சிறிது ஆகியவற்றைக் கலந்து பரப்புக. கோதுமை மாவு 150 கிராம், சர்க்கரை 50 கிராம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றில் நெய் 50 கிராம் சேர்த்துப் பிசிறி, புளித்த கெட்டித் தயிர் சுமார் 120 மில்லிலிட்டர் விட்டுத் தளரப் பிசைந்து, பழத்தின்மேல் இடைவெளி விட்டுக் கரண்டி கரண்டியாக வைக்கவும்.

சட்டியைச் செங்கற்களின்மேல் நிறுத்தி, தட்டையான இரும்புத் தோசைக்கல்லால் மூடி, தணலில் ஒரு பங்கைக் கீழும் இரு பங்கை மேலும் இடுக. சீமைக்கருவேலங் கரி இதற்கு ஏற்றது. மாவு பொன்னிறமாகிப் பழச்சாறு ஓரத்தில் கொதித்தெழ ஏறக்குறைய 40 நிமிஷம் செல்லும். ஈயம் பூசிய பித்தளைத் தட்டை மூடியாக்கலாகாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கூரை வீட்டினுள் தணலைக் கையாளாமல் திறந்த முற்றத்தில் செய்தலே தக்கது.

பழத்தின் புளிப்பு இரும்பைக் கரைத்து மெருகைக் கெடுக்குமாதலால், மிஞ்சியதை இரவு முழுதும் சட்டியில் வைத்திராமல் உடனே வேறு பாத்திரத்திற்கு மாற்றுக. புளிப்பு மிகுந்த பழமாயின் வெல்லத்தைச் சிறிது கூட்டிக்கொள்ளலாம். மாம்பழக் காலம் கழிந்தபின் வாழைப்பழத்தையும் பலாச்சுளையையும் இவ்வாறே சுடலாம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் பருவத் தொடக்கத்திலேயே மகளிர் குழுவினரைக் கூட்டி இதனை ஒருமுறை செய்து காட்டுவார்களாயின் பலன் விரைவில் தெரியும். பழம் அடுப்படியில் பயன்படுமென்று கண்ட வீட்டார் அதனைக் காலையில் பொறுக்கத் தவறார். நாள்தோறும் பொறுக்கும் அவ்வழக்கமே பழ ஈயின் பெருக்கத்தையும் குறைக்கும்.