பழைய ஜீப் பிக்-அப்: சீர் செய்வதா, எஞ்சினை மாற்றுவதா?

தோட்டத்துக்கு உரம் ஏற்றிச் செல்லவும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கவும் பழைய ஜீப் பிக்-அப் வண்டிகளை இன்றும் பல விவசாயிகள் வைத்திருக்கிறார்கள். ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் கீழ்மலை, போடி மெட்டு போன்ற மலைப் பகுதிகளில் இவற்றை அதிகம் காணலாம். ஏற்றத்திலும் சேற்றிலும் இவை நம்பி ஓட்டக் கூடியவை. ஆனால் எண்ணெய்ச் செலவுதான் கையைக் கடிக்கிறது. "பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் போட்டுவிடுங்கள்" என்று யோசனை சொல்வோர் பலர். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கடன் வாங்கிச் செலவழிக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வது நல்லது.

எஞ்சினின் குணம்

1953-ல் அமெரிக்காவில் வில்லீஸ் நிறுவனம் வெளியிட்ட சி.ஜே.3பி என்ற ஜீப்பின் அமைப்பையே மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் பல்லாண்டுகள் தயாரித்து வந்தது. இதில் உள்ளது ஹரிக்கேன் என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கொள்ளளவு 2,199 சி.சி. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு மேலே ஹெட்டிலும், புகை வெளியேறும் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். இதனால் எஞ்சின் உயரம் கூடியது. இந்த ஜீப்பின் பானெட் உயரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7-க்கு 1 தான். அமுக்கம் குறைவாக இருந்தால் எரிபொருளின் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கும் குறையும். டீசல் எஞ்சினில் இந்த விகிதம் 17 முதல் 22 வரை இருக்கிறது. மேலும், ஒரு லிட்டர் டீசலில் உள்ள வெப்ப சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதை விடச் சுமார் 10 சதவீதம் அதிகம். ஆகவே டீசல் வண்டி லிட்டருக்கு அதிக தூரம் ஓடுவதில் வியப்பில்லை. அந்த வித்தியாசம் போட்ட பணத்தைத் திருப்பித் தருமா என்பதே கேள்வி.

முதலில் அளந்து பாருங்கள்

டாங்கை விளிம்பு வரை நிரப்பி, மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். வழக்கமான வேலைக்கே நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு அதே பங்கில் மறுபடி விளிம்பு வரை நிரப்பி, ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால்தான் நம்பலாம்.

மீட்டரையும் சோதிக்க வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் மீட்டர் மைலில் இருக்கும். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். நிறுவனம் கொடுத்த 6.00-16 டயருக்குப் பதில் பெரிய டயர் போட்டிருந்தால், உண்மையில் ஓடியதை விடக் குறைவாகவே மீட்டர் காட்டும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பத்து கிலோமீட்டர் சரிபார்த்தால் விவரம் தெரிந்துவிடும்.

செலவில்லாத திருத்தங்கள்

வண்டியை மேடு பள்ளம் இல்லாத தரையில் நியூட்ரலில் நிறுத்தித் தள்ளிப் பாருங்கள். இரண்டு பேர் தள்ளியும் அசைய மறுத்தால் எங்கோ பிடிப்பு இருக்கிறது என்று பொருள். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் அருகிலும் கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பிரேக் லைனர் உரசுகிறது, அல்லது பேரிங் இறுக்கமாக உள்ளது. டயரில் காற்று குறைந்தாலும் எஞ்சின் வீணாக உழைக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சோதிப்பதே சரி.

தார் சாலையில் முன் சக்கர கியரைப் போட்டு ஓட்டக் கூடாது. எரிபொருள் வீணாவதுடன் கியர் பெட்டியும் தேயும். அந்த கியரை எடுத்துவிட்டாலும் முன் ஆக்சிலின் உள் உறுப்புகள் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக் கொண்டுதான் இருக்கும். முன் சக்கரங்களில் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால், சாலையில் ஓட்டும்போது அதைத் திருப்பி விடுவித்து வையுங்கள்.

வேகம் மிக முக்கியம். 5.38-க்கு 1 ஆக்சில் விகிதம் கொண்ட பழைய பெட்ரோல் ஜீப், டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்றுச் சுற்றுகிறது. 80-க்குப் போனால் 3,200 சுற்று ஆகிறது. காற்று எதிர்த்துத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 60-லிருந்து 80-க்குப் போகையில் அந்த விசை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுகிறது. முகம் தட்டையான ஜீப்புக்கு இது பெரிய சுமை. 50 முதல் 60 வரை ஓட்டுவதே சிக்கனம்.

எஞ்சினில் கவனிக்க வேண்டியவை

எண்ணெய் நிரப்பும் பழைய வகை ஏர் ஃபில்டரை மண் சாலையில் ஓடும் வண்டிகளில் அடிக்கடி கழுவி, குறித்த மட்டத்துக்குப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். சோக் கேபிள் பாதியில் நின்றுவிட்டால் பெட்ரோல் மடமடவென்று போகும். சோக்கை உள்ளே தள்ளியதும் மூடி முழுவதும் திறக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் மிதவையின் மட்டம், பிளாட்டினம் பாயின்ட் இடைவெளி, தீப்பொறி விழும் நேரம், வால்வு இடைவெளி ஆகியவற்றைக் கையேட்டில் கண்ட அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஸ்பார்க் பிளக் காய்ந்த கரிபோல் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இது வால்வுகளுக்கு ஆபத்து.

நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைச் சில மெக்கானிக்குகள் எடுத்து எறிந்து விடுகிறார்கள். இது தவறு. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. செலவும் தேய்மானமும் கூடும். வண்டி சூடேறினால் அடைத்துப் போன ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதே வழி.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலின் வெப்ப சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகையால் இந்தக் கலவையில் மொத்த சக்தி 6, 7 சதவீதம் குறைகிறது. மைலேஜ் சற்றுக் குறைந்ததற்கு எஞ்சின் மட்டுமே காரணம் அல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

இதை விடப் பெரிய கவலை ரப்பர் பாகங்கள். பழைய பெட்ரோல் குழாய், பம்ப் டயாஃப்ரம், வாஷர்கள் எத்தனாலில் ஊறி உப்பும், பின் வெடிக்கும். சூடான புகைக் குழாய்க்கு அருகில் பெட்ரோல் கசிந்தால் வண்டியே எரிந்து போகும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களும் டயாஃப்ரமும் கடைகளில் கிடைக்கின்றன. உடனே மாற்றிக் கொள்ளுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. மாதக் கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கில் நீர் சேர்ந்து துரு பிடிக்கும். நீண்ட நாள் நிறுத்துவதானால் டாங்கைக் காலி செய்து வைப்பது நல்லது.

எந்த டீசல் எஞ்சின்?

மகிந்திரா ஜீப்புகளிலேயே வந்த டீசல் எஞ்சின்கள்தான் பொருத்துவதற்கு எளிது. ஒன்று, பிரெஞ்சு பியூஜோ நிறுவனத்தின் எக்ஸ்.டி.பி. 4.90, கொள்ளளவு 2,112 சி.சி. முன்னறையில் எரியும் வகை என்பதால் சத்தம் குறைவு, சாலை ஓட்டத்துக்கு ஏற்றது. ஆனால் காலையில் கிளப்ப ஹீட்டர் பிளக்குகள் நன்றாக இருக்க வேண்டும். மற்றொன்று, இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 2,523 சி.சி. எஞ்சின். டீசல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் வகை இது. குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும். மலை ஏற்றத்துக்கும் பாரத்துக்கும் சிறந்தது. அதிர்வும் சத்தமும் கூடுதல்.

எஞ்சின் விலையோடு செலவு முடிவதில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டுகள், கிளட்ச், பெல் ஹவுசிங், பெரிய பேட்டரி, ரேடியேட்டர், டீசல் ஃபில்டர், திரும்பு குழாய், பாரம் தாங்க முன் பட்டைகள் என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்தே விலை பேசுங்கள். ஓடிய எஞ்சினை வாங்கும்போது, குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லிப் பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தாலும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை அடித்தாலும் அதை வாங்காதீர்கள்.

ஒரு கணக்கு

எளிதாக விளங்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பராமரிப்பில்லாத பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 7 கிலோமீட்டரும், டீசல் எஞ்சின் போட்டால் 11 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். மாற்றும் செலவு ஒன்றரை லட்சம்.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் செலவு சுமார் 1,71,400 ரூபாய். டீசல் செலவு 1,00,400 ரூபாய். ஆண்டுக்கு 71,000 ரூபாய் மிச்சம். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆனதும் முதல் திரும்பிவிடும்.

ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டரே ஓட்டும் விவசாயிக்கு மிச்சம் சுமார் 23,700 ரூபாய்தான். முதல் திரும்ப ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். அவரே சில ஆயிரம் செலவழித்து மேலே சொன்ன திருத்தங்களைச் செய்து 8.5 கிலோமீட்டர் எடுத்துவிட்டால், அதிலேயே ஆண்டுக்குப் பத்தாயிரம் மிச்சம். அதன் பிறகு டீசலால் வரும் கூடுதல் மிச்சம் 13,600 ரூபாய் மட்டுமே. ஒன்றரை லட்சம் திரும்ப 11 ஆண்டுகள் ஆகும். வட்டியைச் சேர்த்தால் இன்னும் நீளும். சீர் செய்யாத வண்டியை வைத்து டீசலுடன் ஒப்பிடுவது தப்புக் கணக்கு என்பது இதனால் விளங்கும். உங்கள் ஊர் விலையையும் உங்கள் வண்டியின் எண்களையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். புது எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் எஃப்.சி. கிடைக்காது, விபத்து நேர்ந்தால் இழப்பீடும் சிக்கலாகும். எந்த வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின் என்பதற்கு ரசீது இல்லாமல் வாங்கவே கூடாது. அனுமதி கிடைக்கும் என்று உறுதியான பிறகே முன்பணம் கொடுங்கள்.

சுருங்கச் சொன்னால், முதலில் அளவு, அடுத்து சீர், அதன் பிறகு கணக்கு. ஆண்டு முழுதும் வாடகைக்கும் பாரத்துக்கும் ஓடும் வண்டிக்கு டீசல் எஞ்சின் பலன் தரும். விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் வெளியே வரும் வண்டிக்கு இருக்கிற எஞ்சினே போதும். அந்தப் பணத்தைக் கிணற்றுக்கோ சொட்டு நீருக்கோ போட்டால் நிலம் திருப்பித் தரும்.