நிலநீர் ஊர்திகளின் திருப்புப் பிடிகளைச் சரிசெய்தல்

நிலநீர் ஊர்தி என்பது சேறு, மணல், தண்ணீர் ஆகிய மூன்றிலும் செல்லக்கூடிய வாகனம் ஆகும். 2025 ஆகஸ்டில் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க இந்திய இராணுவம் ஏட்டர் என்1200 என்னும் ஊர்தியைப் பயன்படுத்தியது. 2021 நவம்பரில் வாலாஜாபேட்டைப் பக்கம் பெருக்கெடுத்த பாலாறு போன்ற மணலாறுகளுக்கும் இது பொருந்தும்.

இவற்றுள் பலவற்றில் காரைப் போல முன்சக்கரங்கள் திரும்புவதில்லை. இடப்பிடியை இழுத்தால் முதலில் இடப்பக்கச் சக்கரங்களுக்கான விசை துண்டிக்கப்படும். மேலும் இழுத்தால் அப்பக்கப் பிரேக் பிடிக்கும். வலப்பக்கம் தொடர்ந்து சுழல்வதால் ஊர்தி இடப்புறம் திரும்பும். ஆவடியில் தயாராகும் பீரங்கி வண்டிகள் திரும்புவதும் இருபக்க வேக வேறுபாட்டால்தான்.

ஊர்தி ஒரு பக்கம் இழுத்தால் பலர் உடனே பிடியின் இணைப்புக் கம்பியை முறுக்குவர். அதற்கு முன் டயர் காற்றைப் பார்க்க வேண்டும். காற்று குறைந்த டயரின் உருளும் சுற்றளவு சுருங்கும். ஊர்தி அப்பக்கமே சாயும். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடலாம்.

அடுத்தது, மெக்கானிக்குகள் 'ஃப்ரீ பிளே' என்னும் வெற்றசைவு. தயாரிப்பாளர் கையேட்டில் கூறிய அளவில் இரு பிடிகளிலும் அது சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் பிரேக் உரசிச் சூடேறும்; மிகுந்தால் முழுதாக இழுத்தும் பிடிக்காது. திரவப் பிரேக்கில் பிடி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்; அதை வெளியேற்றாமல் கம்பியைத் திருகிப் பயனில்லை.

தண்ணீரில் டயர்களே துடுப்புகள். ஏட்டரின் நீர்வேகம் மணிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. மட்டுமே என்பதால், திரும்பச் சற்றுத் தாமதித்தாலும் நீரோட்டம் ஊர்தியை இழுத்துக்கொள்ளும். ஆகவே சோதனை ஓட்டம் முதலில் சமதரையில்தான். கரையேறியதும் நனைந்த பிரேக்குகளை மெல்ல அழுத்தி உலர்த்திய பிறகே வேகமெடுக்க வேண்டும்.