வெண்கலமும் நாவலும்

“என்னப்பா இது, நம்ம பீச் சிலை இங்க எப்படி வந்துச்சு?”

ஜெய்ப்பூர் ஹவுஸ் புல்வெளியில் அத்தை அப்படியே நின்றுவிட்டார். திருவல்லிக்கேணிக்காரர். மெரீனாவில் உழைப்பாளர் சிலையைக் கடக்காமல் அவருக்கு ஒரு வாரம் போனதில்லை. பாறையைப் பெயர்க்க மல்லுக்கட்டும் அதே நான்கு பேர், அதே முறுக்கேறிய முதுகுகள், டெல்லியில், தேசிய நவீனக் கலைக்கூடத்தின் தோட்டத்தில்.

டெல்லியின் லக்ஷ்மிபாய் நகருக்கு வரும் நம்மவர்களுக்கு ஊரைவிட்டு வந்த உணர்வே சீக்கிரம் போய்விடும். பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். ஒருநாளாவது அவர்களை நான் இந்தத் தோட்டத்துக்கு அழைத்துப்போவேன். ஐ.என்.ஏ.யில் மெட்ரோ ஏறினால் நான்காவது ஸ்டேஷன் சென்ட்ரல் செக்ரடேரியட். அங்கிருந்து கர்த்தவ்ய பத்தில் நாவல் மர நிழலிலேயே இந்தியா கேட் வரை நடை. கேட்டைச் சுற்றிப் போனால் ஜெய்ப்பூர் ஹவுஸ். ஜெய்ப்பூர் மகாராஜாவுக்காக 1936இல் கட்டிய வீடு. மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி வடிவம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை. உள்ளே அம்ரிதா ஷெர்-கில்லின் ஓவியங்கள் காத்திருக்கும். அவற்றை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். ஆனால் முதலில் தோட்டம் என்பதுதான் என் கட்சி.

1954 மார்ச் 29 அன்று துணைக் குடியரசுத் தலைவர் எஸ். ராதாகிருஷ்ணன் இந்தக் கலைக்கூடத்தைத் திறந்துவைத்தார். திறப்பு விழாக் கண்காட்சியே சிற்பங்களுக்கானது. அதில் முதல் பரிசு பெற்றது தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் ‘உழைப்பின் வெற்றி’. வங்காளத்தில் பிறந்தவர், ஆனால் 1929 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சென்னை ஓவியப் பள்ளியை நடத்தியவர். மெரீனாவில் சிலை நின்றது 1959 ஜனவரியில். ஆக, அத்தையின் பீச் சிலைக்கும் இதற்கும் கர்ப்பப்பை ஒன்றே.

ஒரே சிலை இரண்டு ஊரில் எப்படி? சுவாமிமலை ஸ்தபதியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் முடியாது என்று தலையாட்டுவார். அவர் முறையில் மெழுகிலேயே உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்தால் சாமி வெளியே வரும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அந்தச் சாமி உலகத்தில் ஒன்றுதான்.

தோட்டத்திலும் சாலையிலும் நிற்கும் பெரிய சிலைகளுக்கு வழி வேறு. சிற்பி முதலில் களிமண்ணில் முழு உருவத்தையும் பிடிக்கிறார். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றித் துண்டு துண்டாகக் கழற்றும்படி ஓர் அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சின் உட்புறத்தில் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மெழுகு பூசி, நடுவில் மண்கருவை நிரப்பி, அச்சைக் கழற்றிவிட்டு, வெளியிலும் மண் கவசம் போட்டுச் சூளையில் வைப்பார்கள். மெழுகு போன இடுக்கில், ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்த வெண்கலம் இறங்கும். பிளாஸ்டர் அச்சு பத்திரமாக இருக்கிறது. மறுபடி மெழுகு பூசலாம், மறுபடி வார்க்கலாம்.

“அப்ப உள்ள காலியா? நம்ம வெண்கலப் பானை மாதிரி?” என்றார் அத்தை. பானை மாதிரியேதான். செம்பும் கொஞ்சம் வெள்ளீயமும் சேர்ந்த அதே உலோகம், சுற்றிலும் மெல்லிய சுவர். பெரிய உருவத்தைக் கனமாக வார்த்தால் எடை தாங்காது என்பது ஒரு காரணம். வெளிப்புறம் முதலில் இறுகி, உட்புறம் பிறகு ஆறிச் சுருங்கும்போது விரிசலும் பள்ளமும் விழும் என்பது அதைவிடப் பெரிய காரணம். கை, கால், உடம்பு என்று தனித்தனியாக வார்த்துப் பொருத்தி, இணைப்புத் தெரியாமல் உளியால் செதுக்கி முடிப்பார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள், தொடாமல். மழைநீர் பட்டு வழியும் இடம் பச்சை பூத்திருக்கும், மழை படாத இடுக்குகள் கறுத்திருக்கும். அந்தப் பச்சை துரு மாதிரி தின்றுகொண்டே போவதில்லை. பெரும்பாலும் அடியிலுள்ள உலோகத்துக்கு அதுவே போர்வை.

வெளியே வந்து, கர்த்தவ்ய பத்தில் ஒரு நாவல் மரத்தடியில் உட்கார்ந்தோம். புதுடெல்லியை உருவாக்கியபோது சாலைக்கு ஒரு மரம் என்று தேர்ந்து நட்டார்கள். வில்லியம் ராபர்ட்சன் மஸ்டோ என்ற தோட்டக்கலை அதிகாரி அதற்காக வருடக்கணக்கில் உழைத்தார். ஜன்பத்துக்கு மருது, அக்பர் ரோட்டுக்குப் புளி, இங்கே நாவல். இன்று இவற்றில் பலவற்றுக்கு நூறு வயது நெருங்குகிறது.

ஒரு கிழ மரத்தின் அடியில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. “பாவம், செத்துட்டு வருது போல” என்றார் அத்தை. அண்ணாந்து பார்த்தால் உச்சிவரை பளபளக்கும் இலை. வைரம் பாய்ந்த மரம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த வைரம் உயிரற்ற பகுதி. உயிர் இருப்பது பட்டைக்கு அடியில், காகிதத் தடிமனே உள்ள ஓர் ஈரப் படலத்தில். வெளிப்பக்கம் பட்டையையும் உள்பக்கம் மரத்தையும் வளர்ப்பது அதுதான். வேரிலிருந்து தண்ணீர் ஏறுவதும் அதை ஒட்டிய வெளி வளையங்களில். நடுமரம் உளுத்தாலும் சுற்றுச் சுவர் உறுதியாக இருந்தால் மரம் நிற்கும், காய்க்கும்.

அதனால்தான் போர்டு மாட்ட அடிக்கும் ஒரு சின்ன ஆணியைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அது குத்துவது அந்தப் படலத்தில். அடிமரத்தை நெரித்துச் சிமென்ட் பூசுவதும் அப்படித்தான், வேருக்கு மூச்சு முட்டும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. டெல்லியில் எத்தனையோ நடைபாதைகளில் அதை இன்னும் காணோம்.

அன்று ஜூலை முதல் வாரம். மரத்தின் மேலே ஓர் ஆள் கிளையை உலுக்க, கீழே நான்கு பேர் துணியை விரித்துப் பிடித்திருந்தார்கள். கருநீலப் பழங்கள் சடசடவென்று விழுந்தன. கறுப்பு உப்பு தூவி ஒரு பொட்டலம் வாங்கினோம். நாக்கெல்லாம் ஊதா.

தின்று துப்பிய கொட்டைகளில் ஐந்தாறை அத்தை கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நாவல் கொட்டை உலர்ந்தால் முளைக்காது, ஊருக்குப் போன கையோடு ஊன்றிவிடுங்கள் என்றேன். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அத்தைக்குக் குழப்பம்: “ஒரே கொட்டையில மூணு முளை வருதுப்பா. ஏதாச்சும் கோளாறா?”

கோளாறில்லை. நாவல் விதைக்குள் பல கருக்கள் உண்டு. மகரந்தம் சேர்ந்து உண்டாகும் கருவோடு, தாய்மரத்தின் திசுவிலிருந்தே கிளைக்கும் கருக்களும் வளரும். பின்னவை தாயின் அச்சு அசல். “அப்ப இந்த மூணுல ரெண்டு, அந்த டெல்லி மரமேதானா?” என்று கேட்டார். இருக்கலாம் அத்தை என்றேன். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பிரித்து நட, பீச் பக்கம் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.