டைம்ஷேர் வாங்கலாமா?

இலவசப் பரிசு என்று ஹோட்டலுக்கு அழைத்து, "ஆண்டுக்கு ஒரு வாரம், 25 ஆண்டுகள்" என டைம்ஷேர் விற்கிறார்கள். இதில் நாம் வாங்குவது அறையை அல்ல. தங்கும் உரிமையை மட்டுமே. ஷரீஅத்தில் இது இஜாரா, அதாவது வாடகை ஒப்பந்தம் சார்ந்தது. 2007இல் மலேசியாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் நிபந்தனைகளுடன் இதை அனுமதித்தது. ஆகவே அடிப்படையில் கூடும். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வட்டி. வட்டி சேர்த்த மாதத் தவணையில் வாங்கினால் அது ஹராம்.

இரண்டாவது, கரர் எனும் தெளிவின்மை. எந்த ஊர், எந்த வாரம், எத்தனை பேர், பராமரிப்புக் கட்டணம் எப்படி உயரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. வாரம் நிரந்தரமானது என்றால், ரமளான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே வருவதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மூன்றாவது, செலவு. உதாரணமாக, 4 லட்சம் ரூபாயை 25 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 16,000. பராமரிப்பு 19,000 என்றால் மொத்தம் 35,000. ஓர் இரவுக்கு 5,000. பயணமும் சாப்பாடும் தனி. போகாத ஆண்டிலும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். மகளின் நிக்காஹ்வுக்குப் பணம் தேவைப்படும்போது இதை விற்பதும் எளிதல்ல.

"இன்றே கையெழுத்திட்டால்தான் சலுகை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தை வீட்டில் படித்து, குடும்பத்தாருடன் மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு, போகும்போது மட்டும் அறை எடுப்பதே நல்லது என்பது நமது கருத்து.

அல்லாஹ் மிக அறிந்தவன்.