பட்டறை வாசலில் பிறந்த நாடகம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து ஜார்ஜ் டவுனில், முன்னாளில் பிட் ஸ்திரீட் என்றும் இந்நாளில் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என்றும் வழங்கும் வீதி வழியே நடப்பவர், சீனர்கள் ஊதுவத்தி ஏற்றித் தொழும் குவான் யின் ஆலயத்தையும், 1801-ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம்கள் தோற்றுவித்த பள்ளிவாசலையும் கண்டு, பக்கத்துத் தெருவுக்குள் திரும்பினால், 1833-ஆம் ஆண்டு தொட்டு அங்கே கோயில் கொண்டிருக்கும் மகாமாரியம்மனின் சந்நிதிக்கே வந்து சேர்ந்துவிடலாம். இந்த வழியே புத்தகப் பையைச் சுமந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பைக்குள் இருந்த புத்தகங்களில், கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் அமர்ந்து மல்லிகை தொடுக்கும் கிழவிக்கும், சொங்கோக் தொப்பி தைக்கும் முதியவருக்கும், கடைப் பலகையில் எழுத்துச் செதுக்கும் சீனத் தச்சருக்கும் இடம் இருந்ததில்லை.

அந்த இடத்தை நாடகத்தின் வாயிலாக உண்டாக்கிக் கொடுத்தவர்களில் முதலில் நினைக்கத் தக்கவர் ஜேனட் பிள்ளை. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயிற்றுவித்து வந்த அவர், 1999-ஆம் ஆண்டில் ‘ஆர்ட்ஸ்-எட்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீங்கிவிட, பழைய கடைவீடுகளில் சொற்ப வாடகைக்கு வாழ்ந்திருந்த எத்தனையோ குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்து போகலாயின. ஆட்களோடு தொழில்களும், தொழில்களோடு பேச்சும் பாட்டும் போய்விடுமோ என்ற கவலை சூழ்ந்திருந்த காலம் அது. அந்த வேளையில் ‘அனாக்-அனாக் கோத்தா’, அதாவது நகரத்துப் பிள்ளைகள், என்ற பெயரில் ஆர்ட்ஸ்-எட் நடத்திய பயிற்சிகளில், பல இனத்துச் சிறுவர் சிறுமியர் தங்கள் நகரத்தையே பாடமாகக் கொண்டார்கள்.

அம்முறையின் விசேஷத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். எழுதி முடித்த வசனம் எதுவும் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படுவதில்லை. நாடகத்துக்கு வேண்டிய பொருளை அவர்களே தெருவிலிருந்து சேகரித்து வரவேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, குறிப்பேடும் கையுமாக ஒரு நகைப் பட்டறையின் வாசலில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

“தாத்தா, இந்த வேலைய உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?”

“யாரும் சொல்லிக் கொடுக்கலம்மா. எங்கப்பா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்.”

சொல்லிக்கொண்டே அவர் சங்கிலியின் கண்ணியைக் குறட்டால் பற்றி, இணைப்பிலே பொடியை வைத்து, ஊதுகுழலை உதட்டில் பொருத்தி ஊதுகிறார். முதுகு வளைகிறது, கன்னம் உப்புகிறது, பொடி உருகி ஓடும் அந்த ஒரு கணத்தில் இமையும் அசைவதில்லை. அடுத்த வீட்டுக்காரர் பொடி வைத்துப் பேசுகிறார் என்று அம்மா அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வதற்கு வேர் எங்கே இருக்கிறதென்பது அப்போதுதான் சிறுமிக்கு விளங்குகிறது. மாலையில் தோழர்கள் நடுவே அவள் அந்த முதுகையும் கன்னத்தையும் இமையையும் வாய் திறவாமல் தன் உடம்பிலே காட்டவேண்டும். சுத்தியலின் தாளத்தை ஒரு சீனப் பையன் எடுத்துக்கொள்கிறான். நெருப்பாக அசைவதற்கு ஒரு மலாய்ப் பெண் முன்வருகிறாள். காட்சி இப்படிப் பிறக்கிறது. அதற்கு வசனம் பிறகுதான் வரும், அதுவும் அவரவர் வீட்டு மொழியின் வாசனையோடு வரும். சந்தையின் வாழ்க்கையையே இசை நாடகமாக்கிய ‘ஓப்பரா பாசார்’ போன்ற படைப்புகளும் மக்களிடமிருந்து திரட்டிய பொருளைக்கொண்டு இளைஞர் நடித்தவையே.

நான் படித்த பள்ளியில் ஆண்டுதோறும் நாடகம் உண்டு. அரசன் வேஷம் நல்ல மதிப்பெண் வாங்குகிறவனுக்கு. எனக்கு வாய்த்தது வாயிற்காவலன் வேஷம். யாரோ என்றோ எழுதிய அந்த ஒற்றை வரியை நாற்பது நாள் மனனம் செய்து, மேடையேறி, தப்பில்லாமல் சொல்லி இறங்கினேன். என் வாயால் ஒரு வார்த்தை வந்ததேயன்றி, என் வார்த்தை ஒன்றும் வரவில்லை. அந்த வருத்தம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

நாடகத்தைக் கல்வியாகப் பிரயோகிப்பது உலகில் பல இடங்களில் வேரூன்றிய காரியம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பெல்கிரேட் அரங்கத்தார் 1965-ஆம் ஆண்டிலேயே நடிகர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால், பார்வையாளனையே மேடைக்கு அழைத்து, கதாநாயகனின் இடத்தில் நின்று நீ என்ன செய்வாய், செய்து காட்டு என்று கேட்கும் ஒரு புதிய சம்பிரதாயத்தை உண்டாக்கினார். தங்கள் கதையைத் தாங்களே சொல்வதற்கு நாடகத்தைக் கைக்கொண்டவர்களும் உண்டு. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டு ஐரோப்பாவெங்கும் பரவிய ரோமா மக்கள், இன்றும் தண்ணீரைப் ‘பானி’ என்றே சொல்லுகிறவர்கள்; இன்று ருமேனியா எனப்படும் நிலத்தில் 1856 வரை அடிமைகளாகவே வைத்திருக்கப்பட்டவர்கள். அவர்களைத் திருடராகவும் குறிசொல்லிகளாகவும் பிறர் எழுதிய நாடகங்கள் எத்தனையோ உண்டு. இப்போது அவர்களுடைய பிள்ளைகள், புடாபெஸ்ட் முதலிய நகரங்களில், தங்கள் குலத்து வீரர்களைத் தாங்களே நாடகமாக்கி நடிக்கிறார்கள்.

இந்தியாவிலே இதற்கு உடன்பிறப்பான கதை ஒன்று உண்டு. 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று முத்திரையிட்ட சமூகங்களுள் சாரா சமூகமும் ஒன்று. 1952-இல் சட்டம் நீங்கியும் முத்திரை நீங்கவில்லை. 1998-ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தில் புதன் சபர் என்ற பழங்குடி இளைஞர் போலீஸ் காவலில் உயிரிழந்தபோது, நெடுந்தொலைவிலுள்ள அகமதாபாத்தின் சாராநகர் இளைஞர்கள், எழுத்தாளர் மகாசுவேதா தேவியும் அறிஞர் கணேஷ் தேவியும் ஊக்கமளிக்க, அந்த மரணத்தை நாடகமாக்கித் தெருவில் நடித்தார்கள். மொழி வேறு, மாகாணம் வேறு. ஆயினும் அந்த அடி தங்கள் முதுகிலும் விழுந்ததென்று அவர்கள் அறிந்திருந்தார்கள். புதன் தியேட்டர் என்ற அக்குழு அன்று தொடங்கியது. திருடர் பிள்ளை என்று பள்ளியில் அழைக்கப்பட்ட ஒருவன், தன்னைச் சந்தேகிக்கும் சபையின் முன் நின்று தன் கதையைத் தானே சொல்லும் காட்சியை நினைக்கையில் எனக்கு நெஞ்சு கனத்துப் போகிறது.

பினாங்குப் பிள்ளைகள் அத்தகைய களங்கத்தைச் சுமப்பவர் அல்லர். ஆயினும் அவர்களுக்கும் ஒரு பிரிவினை உண்டு. தொடக்கப் பருவத்திலேயே மலாய்ப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப் பள்ளி என்று பிரிந்து போகிறவர்கள், ஒருவர் வீட்டு அடுப்பங்கரையை மற்றவர் அறியாமலே வளர்ந்துவிட நேர்கிறது. நாடக ஒத்திகைக் கூடத்திலோ, ஒருவர் தாளத்துக்கு மற்றவர் அடியெடுத்து வைத்தே தீரவேண்டும். இந்நாட்டுத் தமிழ்க் கல்வி 1816-ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் திறந்த ஒரு தமிழ் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. இன்று இம்மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் வருஷத்தில் ஒரு மாதமேனும் மனப்பாட நாடகத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளைக் குறிப்பேட்டோடு கடைத்தெருவுக்கு அனுப்பிப் பார்க்கலாகாதா?

காட்சி நடக்கும் நாளன்று அந்தப் பட்டறைக்காரரையும் அழைத்து முன்வரிசையில் உட்கார்த்தி வைக்கவேண்டும். சிறுமி குனிந்து, இல்லாத ஊதுகுழலை உதட்டில் வைத்து ஊதுகையில் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பிழை இருந்தால், ஆட்டம் முடிந்ததும் எழுந்து வந்து, “கழுத்த இன்னும் கொஞ்சம் சாய்க்கணும்மா” என்று திருத்திக் கொடுப்பார்.