கடைசி ஓவரில் எடுக்கும் முடிவு

கடந்த மாதம் எனது மகனின் பாடசாலை அணி, 15 வயதுக்குட்பட்டோருக்கான போட்டியொன்றில் விளையாடியது. கடைசி ஓவரில் வெற்றிக்கு 8 ஓட்டங்கள் தேவை. கையில் இருந்தது 2 விக்கெட்டுகள். 31 ஓட்டங்களோடு நன்றாக ஆடிக்கொண்டிருந்த மகன்தான் பந்தை எதிர்கொண்டான். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற பெற்றோர் எல்லோரும் "அடி, அடி" என்று கத்தினோம். அதில் எனது சத்தம்தான் கூடுதல். முதல் பந்து நேராகக் காலடிக்கு வந்தது. அவன் குறுக்கே மட்டையை வீசினான். ஸ்டம்ப் பறந்தது. இரண்டு பந்துகளில் கடைசி விக்கெட்டும் போனது. 7 ஓட்டங்களால் தோல்வி.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏன் அப்படி அடிச்ச?" என்று கேட்டேன். "பந்த நான் சரியாப் பார்க்கவே இல்ல வாப்பா. சத்தம் மட்டும்தான் கேட்டிச்சு" என்றான். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து, பந்துவீச்சாளரின் கையை விட்டுத் துடுப்பாட்ட வீரரை அடைய அரை செக்கன் கூட எடுப்பதில்லை. அந்த நேரத்துக்குள் ஒருவர் உட்கார்ந்து யோசிக்க முடியாது. பயிற்சியில் ஆயிரம் தடவை செய்ததையே உடம்பு செய்யும். யோசிப்பதற்குக் கிடைக்கும் நேரம், ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையிலான இடைவெளி மட்டுமே. எந்தப் பந்தை அடிப்பது, எதை விடுவது, எந்தப் பக்கம் இடைவெளி இருக்கிறது என்பதை அப்போதே தீர்மானித்திருக்க வேண்டும். அழுத்தம் திருடுவது அந்த இடைவெளியைத்தான். தோற்றால் யார் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம் தலைக்குள் வந்துவிட்டால், பந்துக்கு அங்கே இடமில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் நமது நாட்டு அணியிடமே இருக்கிறது. 2019 பெப்ரவரியில் டேர்பனில் நடந்த டெஸ்ட் போட்டியில், தென்னாபிரிக்கா இலங்கைக்கு நிர்ணயித்த இலக்கு 304. இலங்கை 226 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளை இழந்தது. களத்தில் குசல் பெரேரா. மறுமுனைக்கு வந்தவர் கடைசித் துடுப்பாட்ட வீரரான விஷ்வ பெர்னாண்டோ. இன்னும் 78 ஓட்டங்கள் வேண்டும். எதிரே டேல் ஸ்டெய்ன், ககிசோ ரபாடா.

குசல் 78 ஓட்டங்கள் என்ற மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வேலையைச் சிறிதாக்கிக்கொண்டார். ஓவரின் ஆரம்பத்தில் ஒற்றை ஓட்டம் கிடைத்தாலும் பெரும்பாலும் ஓடவில்லை. பௌண்டரிக்கோ சிக்ஸருக்கோ உரிய பந்து வந்தால் அடித்தார். ஓவர் முடியும் தறுவாயில் ஓர் ஓட்டம் எடுத்து அடுத்த ஓவரையும் தன்வசமாக்கப் பார்த்தார். விஷ்வவின் வேலை அதைவிடச் சிறியது: வரும் பந்தைத் தடுப்பது, விக்கெட்டைக் காப்பது. அவர் 27 பந்துகளைச் சந்தித்து எடுத்தது 6 ஓட்டங்கள் மட்டுமே. குசல் ஆட்டமிழக்காமல் 153. இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. வெற்றிகரமான டெஸ்ட் துரத்தலொன்றில் பத்தாவது விக்கெட்டுக்கு அதுவரை எவரும் அவ்வளவு ஓட்டங்களைச் சேர்த்ததில்லை. இருவருக்கும் பயம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் புதிதாகக் குழம்பத் தேவையில்லாதபடி தெளிவான ஒரு திட்டம் இருந்தது.

இன்னொரு சம்பவத்தையும் மறக்க முடியாது. 2007 இல் ஜொஹன்னஸ்பேர்க்கில் நடந்த முதலாவது இருபது-20 உலகக் கிண்ண இறுதிப் போட்டி. இந்தியாவை வெல்ல பாகிஸ்தானுக்கு 4 பந்துகளில் 6 ஓட்டங்கள் தேவை. இருந்தது ஒரே விக்கெட். சற்று முன்னர்தான் மிஸ்பா உல் ஹக் ஒரு சிக்ஸர் அடித்திருந்தார். ஜோகிந்தர் சர்மா வீசிய அடுத்த பந்தைப் பின்பக்கமாகத் தூக்கி அடிக்க, ஸ்ரீசாந்த் பிடித்துவிட்டார். 5 ஓட்டங்களால் தோல்வி.

பந்துகள் மீதம் இருக்கையில் அது தேவையற்ற ஆபத்து என்று சொல்லலாம். நானும் அன்று அப்படித்தான் சொன்னேன். ஆனால் பந்து அந்தக் கைகளைத் தாண்டி எல்லைக்கோட்டுக்குப் போயிருந்தால், அதே அடியை நாம் துணிச்சல் என்று கொண்டாடியிருப்போம். முடிவு சரியா பிழையா என்பதை விளைவை மட்டும் வைத்துத் தீர்ப்பது நமது பழக்கம். அந்த மிஸ்பாவே பின்னர் தலைவரானார். 2016 இல் பாகிஸ்தான் டெஸ்ட் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது அவரது தலைமையில்தான். அந்த ஒரு பந்தோடு அவரைத் தூக்கி எறிந்திருந்தால் இழப்பு யாருக்கு?

நமது ஊர் மைதானங்களிலும் இதுதான் நடக்கிறது. ஒரு பிடியைத் தவறவிட்ட பிள்ளை அதற்குப் பிறகு பந்து தன் பக்கம் வரக்கூடாது என்று நினைக்கத் தொடங்குகிறான். பிழை விடப் பயப்படுபவனால் முடிவெடுக்க முடியாது.

பயிற்சியாளர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. வலைப் பயிற்சியில் வெறுமனே பந்துகளை அடிக்கவிடாமல், "6 பந்து, 8 ஓட்டம், களத்தடுப்பு இப்படி நிற்கிறது" என்று நிலைமையைக் கொடுத்து ஆடவிடுங்கள். போட்டியில் அந்தக் கட்டம் வரும்போது அது புதிதாக இருக்காது. பெற்றோர் செய்ய வேண்டியது அதைவிட இலகு. ஓவர் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அது.

இப்போது பின்னேரங்களில் வீட்டு முற்றத்தில் நான் பந்து போடுகிறேன். 6 பந்து, 8 ஓட்டம். ஆரம்பத்தில் ஒவ்வொரு நாளும் முதல் பந்திலேயே தூக்கி அடித்து ஆட்டமிழந்தான். நேற்று இரண்டு ஒற்றை ஓட்டங்கள், ஒரு நான்கு, இன்னோர் இரண்டு என்று ஐந்தாவது பந்துக்கு முன்பே முடித்துவிட்டான். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.