காந்தமும் கஃபாவும்

வெண்ணிறப் பரப்பின் நடுவே கறுத்த கனசதுரக் காந்தம் ஒன்றை வைத்து, அதனைச் சூழ ஆயிரமாயிரம் இரும்புத் துகள்கள் நிமிர்ந்தும் சாய்ந்தும் வளையம் வளையமாக நிற்கும்படி அமைத்திருக்கிற ஒரு சிருஷ்டியைப் பார்க்கிறவர், மக்காவைப் படத்தில் மட்டுமே கண்டவராயினும், அத்துகள்கள் கஃபா என்னும் இறையில்லத்தை வலம் வருகிற யாத்திரிகர்களே என்று கண்டமாத்திரத்தில் அறிந்துகொள்வார். 2012இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நடந்த ஹஜ் யாத்திரை பற்றிய கண்காட்சியில் இடம்பெற்ற இதற்குக் 'காந்தம்' என்றே பெயர். செய்தவர் சவூதி அரேபியக் கலைஞர் அஹ்மத் மாத்தர். ஹஜ் செய்து வந்த தம் பாட்டனார், காந்தம் இழுப்பதுபோல் இருந்தது என்று சொல்லக் கேட்ட பேச்சிலிருந்து பிறந்த கற்பனை அது. பக்தியின் ஆகர்ஷணத்தைக் காட்ட ஒரு மனித உருவத்தையேனும் தீட்டாமல், பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்க்கும் பௌதிகச் சோதனையையே போதுமென்று கொண்ட அந்தத் துணிவு என்னைப் பெரிதும் கவர்கிறது.

1979இல் தபூக்கில் பிறந்து, அசீர் மலைநாட்டு அப்ஹாவில் வளர்ந்த மாத்தர், முறையாகப் பயின்ற வைத்தியர். நோயாளியின் எலும்பைக் காட்டும் எக்ஸ்ரே படத்தை எடுத்து, பழஞ்சமயச் சுவடிகளின் ஓரங்களை அலங்கரிக்கும் பொன்வேலைப்பாட்டின் நடுவில் அவர் பதித்தபோது, சரீரத்தின் அநித்தியமும் வேதத்தின் ஒளியும் ஒரே ஏட்டில் வந்து அமர்ந்தன. மற்றொரு வரிசையில், பெட்ரோல் பம்பு ஒன்று படிப்படியாக உருமாறி, தன் தலையில் துப்பாக்கியை வைத்துக்கொண்ட மனிதனாக முடிகிறது.

அந்த வைத்தியரின் பார்வை, பின்னர் மக்கா நகரத்தின்மீதே திரும்பியது. 'பாரான் பாலைவனம்' என்னும் நெடிய புகைப்பட வரிசையில் பாரந்தூக்கிகளும், வெட்டிய மலைச்சரிவுகளும், வேற்று நாடுகளிலிருந்து வந்து உழைக்கும் கட்டடத் தொழிலாளரும் தோன்றுகின்றனர். ஒட்டோமானியர் கட்டிய அஜ்யாத் கோட்டையை 2002இல் இடித்த இடத்தில், இன்று 601 மீட்டர் உயரக் கடிகாரக் கோபுரம் கஃபாவைக் குனிந்து பார்க்கிறது. 2012ஆம் ஆண்டு ஹஜ்ஜில் மட்டும் 30 லட்சத்துக்கும் மிகுந்தோர் கூடினர் என்பதால் இடம் விரிய வேண்டும் என்பது நியாயமே. ஆனால் வெள்ளை உடுத்து யாவரும் சமமாக நிற்கவேண்டிய ஸ்தலத்தை, உயர்ந்த விடுதியின் அறைச் சன்னல் வழியே, செல்வம் படைத்தவர் மேலிருந்து நோக்குவதை அவர் படம்பிடித்துக் காட்டும்போது, என் நெஞ்சு உண்மையாகவே நொந்தது.

வழிபாட்டைக் குறைசொல்லும் கலைஞர் அவர் என்று எவரும் கருதிவிடலாகாது; நேசிப்பவர்தாமே நோயைத் தேடிப் பார்க்கிறார்! இடிபட்ட பழைய மக்கா வீடுகளின் மரச்சன்னல்களை அவர் ஒவ்வொன்றாகச் சேகரித்து வந்து காட்சிக்கூடத்தில் நிறுத்தியிருக்கிறார். எத்தனையோ தலைமுறைகள் அவற்றின் பின்னே நின்று, தெருவில் தொழுகைக்குப் போவோரைப் பார்த்திருக்கும். இப்போது அவற்றின் அப்புறத்தில் கூடத்துச் சுவர் மட்டும் இருக்கிறது.